பழத்தோட்டங்களின் பாதையில் ஒரு மிதிவண்டி

வெளிநாட்டுப் பயணம் என்றால் நம் குடும்பங்களில் மூன்று வகைதான் வழக்கம். பிழைப்புக்காகப் போவது ஒன்று. படிப்புக்காகப் போவது மற்றொன்று. பிள்ளைகள் தலையெடுத்து, கையில் நாலு காசு சேர்ந்தபின் திருத்தலங்களைக் கண்டுவரப் போவது மூன்றாவது. நான்காவதாக ஒரு வகையும் உண்டு. ஓராண்டு காலம் ஒரு நாட்டில் தங்கி, கைகளால் உழைத்து, அந்தக் கூலியிலேயே அந்நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வீடு திரும்புவதே அது. மேலைநாட்டு இளைஞர் பல்லாண்டுகளாகச் செய்துவருவதுதான். ஆஸ்திரேலியா 1975-இல் பிரிட்டனோடு இதற்கென முதல் ஏற்பாட்டைச் செய்துகொண்டது. நம் நாட்டு இளைஞருக்கு அதே வாசல் 2024-ஆம் ஆண்டு அக்டோபரில்தான் திறந்தது. ஆண்டுக்கு 1,000 பேர் என்பது கணக்கு.

வாசல் திறந்த செய்தி பரவியதும் தரகர்களும் கடை திறந்துவிட்டனர். ஆகவே முதலில் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். பயணி 18 வயது நிறைந்தவராகவும் 31 வயதை எட்டாதவராகவும் இருத்தல் வேண்டும். பள்ளிப் படிப்புக்கு மேல் இரண்டாண்டுக் கல்வியும், ஓரளவு ஆங்கிலமும், தொடக்கச் செலவுக்கு 5,000 ஆஸ்திரேலிய டாலரும், அதோடு திரும்பி வருவதற்குரிய பணமும் காட்ட வேண்டும். பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்ல இயலாது. இத்தனை தகுதியும் உள்ளவர்கள் பல்லாயிரம் பேர் இருப்பதால் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கிறார்கள். பெயரைப் பதிவு செய்யும் கட்டணம் 25 டாலர். பெயர் விழுந்தால் 28 நாட்களுக்குள் முறையான விண்ணப்பம் அனுப்ப வேண்டும். குலுக்கலை நடத்துவது அந்நாட்டு அரசின் கணினி. "உங்கள் மகன் பெயர் விழும்படி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி முன்பணம் கேட்பவர் எவராயினும், அவர் பொய் சொல்கிறார். இதற்காகத் தாயின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகவேண்டிய தேவையே இல்லை. இது குடியேற்றத்துக்குரிய குறுக்குவழியும் அன்று. போய்த் திரும்பி வருவதற்கான அனுமதி, அவ்வளவே.

சரி, போவதென்று முடிவாகிவிட்டது. மிதிவண்டி எதற்கு என்று கேட்பீர்கள்.

அந்நாட்டு வரலாற்றிலேயே இதற்கு விடை உண்டு. 1890-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் கூல்கார்டி என்னும் பகுதியில் தங்கம் கிடைத்தபோது, இருப்புப்பாதையும் தபாலும் எட்டாத சுரங்கங்களுக்குக் கடிதங்களைச் சுமந்தவர்கள் சைக்கிள்காரர்கள்தாம். குதிரைக்குத் தீனியும் தண்ணீரும் வேண்டும். அந்த வறண்ட பூமியில் இரண்டும் பொன்னுக்கு நிகர். சைக்கிளோ ஒன்றும் கேட்பதில்லை. சாலை இல்லாத இடத்தில் ஒட்டகங்கள் நடந்து நடந்து மெத்தென்று படிந்த ஒற்றையடிப் பாதையில் அவர்கள் வண்டியை ஓட்டினார்கள். அவ்வொட்டகங்களை நடத்திச் சென்றவர்களில் பலர் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு மாகாணங்களிலிருந்து போனவர்கள் என்பது நாம் நினைவிற்கொள்ளத்தக்கது. ஆட்டு உரோமம் கத்தரிக்கும் தொழிலாளரும் அக்காலத்தில் தம் மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஒரு பண்ணையில் வேலை முடிந்ததும் அடுத்த பண்ணைக்குப் பல மைல் மிதித்துப் போவார்கள். வேலையைத் தேடி மிதிவண்டியில் செல்லுதல் அந்த மண்ணுக்குப் புதிதன்று.

ஆர்தர் ரிச்சர்ட்சன் என்பவரையும் சொல்ல வேண்டும். 1896 நவம்பரில் கூல்கார்டியிலிருந்து சிறு மூட்டையோடும் ஒரு தண்ணீர்ப் பையோடும் கிளம்பி, நல்லர்பார் சமவெளியைக் கடந்து, 31 நாட்களில் அடிலெய்டு நகரை அடைந்தார். அந்தச் சமவெளியைச் சைக்கிளில் கடந்த முதல் மனிதர் அவரே. அதோடு நின்றாரா? 1899 ஜூனில் பெர்த் நகரிலிருந்து புறப்பட்டு, அக்கண்டம் முழுவதையும் சுற்றி, 1900 பிப்ரவரியில் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்ந்தார். ஏறக்குறைய 18,500 கிலோமீட்டர்! நல்லர்பார் என்னும் சொல்லைக் கேட்டதும் அது அந்நாட்டுப் பழங்குடி மக்களின் சொல் என்றே பலரும் எண்ணுவர். இலத்தீன் பயின்றவர் காதுக்கு உடனே பிடிபட்டுவிடும்: 'நுல்லுஸ்', 'ஆர்போர்'. மரம் ஏதுமில்லை என்பது பொருள். பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை.

நம் பயணி முதல் ஆண்டிலேயே ரிச்சர்ட்சனாக வேண்டாம். அவருக்கு ஏற்ற பாதை தென்கிழக்கில் இருக்கிறது. முர்ரே என்னும் நதி 2,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடித் தென்கடலில் கலக்கிறது. அதன் கரைநெடுகிலும் பழத்தோட்டங்கள், நிலமோ சமதளம். மேடு ஏறும் சிரமம் இல்லை. ஆனால் எதிர்க்காற்று என்றொரு மேடு உண்டு, அதை வரைபடத்தில் யாரும் குறிப்பதில்லை.

திட்டத்தைப் பருவங்களை வைத்தே போட வேண்டும். அங்கே நமக்கு நேர்மாறு: கிறிஸ்துமஸ் கடுங்கோடையில் வரும், ஜூன், ஜூலை குளிர்காலம். டிசம்பர் இறுதியில் மெல்போர்னில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அங்கிருந்து வடக்கே 180 கிலோமீட்டர் தொலைவில் ஷெப்பர்டன். பேரிக்காய்க்குப் பேர்போன ஊர். விவசாயிகளே கூடி 1917-இல் தொடங்கிய பழப்பதனத் தொழிற்சாலையின் பெயரால் அந்நாடெங்கும் அறியப்பட்டது. ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. மார்போடு ஒரு பையைக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறிப் பறிக்க வேண்டும். பேரிக்காயை மரத்தில் பழுக்க விடுவதில்லை. கெட்டியாக இருக்கையிலேயே, காம்பு முறியாமல் மேல்நோக்கி மடக்கி எடுக்க வேண்டும். இழுத்தால் அடுத்த ஆண்டுக்குரிய மொட்டும் கூடவே வந்துவிடும். பழகாத கைக்கு முதல் வாரம் வேதனைதான். பெட்டி நிறையவே நிறையாது என்று தோன்றும்.

மார்ச் முடிவில் வண்டியை மேற்கே திருப்பலாம். எச்சூக்கா என்னும் துறைமுகம் முதலில் வரும். கடலோரத் துறைமுகம் அன்று, ஆற்றுத் துறைமுகம்! நீராவிப் படகுகள் ஆட்டு உரோமப் பொதிகளை ஏற்றி இறக்கிய காலத்தில் அக்கண்டத்தின் உள்நாட்டுத் துறைமுகங்களில் அதுவே பெரியது. மரத்தாலான அந்தப் படகுத்துறை இன்றும் நிற்கிறது. பிறகு சுவான் ஹில், அதன்பின் மில்டூரா. ஷெப்பர்டனிலிருந்து மில்டூராவுக்கு ஏறக்குறைய 450 கிலோமீட்டர். நாளுக்கு 70 வீதம் மிதித்தால் ஒரு வாரம். கானடாவில் பிறந்த சேஃபி சகோதரர்கள் 1887-இல் முர்ரே நீரை மேலேற்றிப் பாய்ச்சும் பாசனக் குடியிருப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். புதரும் மணலுமாய்க் கிடந்த இடம் திராட்சையும் ஆரஞ்சும் விளையும் பூமி ஆயிற்று. குளிர்கால மாதங்களில் இங்கே ஆரஞ்சு பறிக்கலாம்.

மில்டூராவிலிருந்து ரென்மார்க் 145 கிலோமீட்டர். இடையில் மாநில எல்லை. எல்லைக்கு அப்பால் யாம்பா என்னுமிடத்தில் சோதனைச் சாவடி. பழ ஈ என்னும் பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்துவிடக்கூடாது என்பதற்காக இரவும் பகலும் காவல். ஒரு மாதம் முழுவதும் ஆயிரமாயிரம் ஆரஞ்சு பறித்தவர், வழியில் தின்பதற்கென்று ஒரே ஒரு பழத்தைப் பையில் வைத்திருந்தாலும் அதை அங்கே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

ரென்மார்க்கிற்கும் அப்பால் இரண்டு மூன்று நாள் பயணத்தில் கிளேர் பள்ளத்தாக்கு. இவ்விடத்தில் மட்டும் சற்றுத் தங்கிப் போகும்படி நம் பயணிக்குச் சொல்வேன். சைலீசியாவிலிருந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பங்களோடு 1848-இல் கப்பலேறி வந்தவர் ஆஸ்திரிய நாட்டுச் சேசு சபைக் குரு அலோசியுஸ் கிரானவிட்டர். 1851-இல் சபையார் இங்கே நிலம் வாங்கினர். உரோமையின் ஏழு குன்றுகளை நினைந்து அவ்விடத்திற்குச் செவன்ஹில் என்று பெயரிட்டனர். பூசைக்குத் திராட்சை இரசம் வேண்டுமே. ஐரோப்பாவிலிருந்து வரவழைப்பதென்றால் மாதக்கணக்கில் ஆகும். எனவே கொடி நட்டனர். கிளேர் பள்ளத்தாக்கின் மிகப் பழைய திராட்சை இரச ஆலை அவர்களுடையதுதான். இன்று அங்கே எத்தனையோ தோட்டங்கள், எத்தனையோ பெயர்கள். அத்தனைக்கும் வேர் பலிபீடத்துக் கிண்ணத்திலிருந்து தொடங்குகிறது. செவன்ஹில்லில் புனித அலோசியுஸ் ஆலயமும் அதன் அடியில் குருக்களின் கல்லறை மண்டபமும் உள்ளன.

இந்தப் பள்ளத்தாக்கின் ஊடே 35 கிலோமீட்டர் அளவுக்கு மிதிவண்டிகளுக்கும் நடப்போர்க்கும் உரிய பாதை ஒன்று போகிறது. ஒரு காலத்தில் அது இருப்புப்பாதை. 1983 பிப்ரவரி 16, விபூதிப் புதன்கிழமை. அன்று தெற்கு ஆஸ்திரேலியாவிலும் விக்டோரியாவிலும் மூண்ட காட்டுத்தீ 75 உயிர்களைக் கொண்டது. அந்நாட்டவர் அதை இன்றும் 'விபூதிப் புதன் தீ' என்றே அழைக்கின்றனர். அந்தத் தீயில் சேதமுற்ற இருப்புப்பாதையில் மீண்டும் ரயில் ஓடவில்லை. ரயில் போன தடமாதலால் ஏற்றம் மெல்லியது; பாரம் ஏற்றிய சைக்கிளுக்கு அதைவிடச் சுகமான பாதை இல்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே திராட்சைக் கொடிகளைக் கவாத்து செய்யும் காலம். அறுவடைக்கு இயந்திரங்கள் வந்துவிட்டன. நல்ல கவாத்துக்கு இன்னும் மனிதக் கண்ணும் கத்தரியும் வேண்டியிருக்கின்றன.

மெல்போர்னிலிருந்து கிளேர் வரை கூட்டிப் பார்த்தால் மொத்தம் 1,000 கிலோமீட்டர்தான். பதினைந்து நாள் மிதிப்பு. மீதி நாளெல்லாம் வேலை! அப்படியானால் பேருந்திலேயே போய்விடலாமே எனலாம். இங்கேதான் மிதிவண்டியின் உண்மையான பயன் வருகிறது.

தோட்டங்கள் ஊரிலிருந்து எட்டு, பத்து மைல் தள்ளியிருக்கும். பேருந்து கிடையாது. வாகனம் இல்லாத பிள்ளைகளைச் சில விடுதிக்காரர்களும் வேலைத் தரகர்களும் தங்கள் வேனில் ஏற்றிச் செல்வார்கள். தங்குமிடம் அவருடையது, வேலை அவர் சொல்லும் இடத்தில், போக்குவரத்தும் அவர் வேன். மூன்றும் ஒரே கையில் இருந்தால் கூலியைப் பற்றி வாய் திறக்க முடியுமா? வாடகையும் வேன் கட்டணமும் கழித்து வாரக் கடைசியில் கையில் மிஞ்சுவது சொற்பம். வேலையே இல்லாத வாரத்திலும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். நல்ல விடுதிகளும் உண்டு. எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது. ஆயினும் சொந்தச் சைக்கிள் வைத்திருப்பவன் அந்த மூன்று கண்ணிகளில் ஒன்றையேனும் அறுத்துவிடுகிறான். அடுத்த பண்ணையில் வேலை உண்டா என்று நேரில் போய்க் கேட்டுவர அவனால் முடியும்.

விடுதியைப் பற்றி இன்னொன்று. குவீன்ஸ்லாந்தில் சில்டர்ஸ் என்னும் சிற்றூரில் 2000 ஜூன் 23 அன்று பழம் பறிக்கும் இளைஞர் தங்கிய விடுதி ஒன்று இரவில் தீப்பற்றி எரிந்தது. பல நாடுகளிலிருந்து வந்திருந்த 15 இளம் உயிர்கள் மாண்டன. தீ வைத்தவன் ஒரு கயவன். எனினும் புகையை அறிந்து ஒலிக்க வேண்டிய கருவிகள் அன்று ஒலிக்கவில்லை. அதன்பின் விதிகள் கடுமையாக்கப்பட்டன. படுக்கையைக் காட்டும்போதே, அவசரத்தில் வெளியேறும் வழி எது, ஜன்னல் திறக்கிறதா, கூரையில் புகைக்கருவி உள்ளதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டும்படி பிள்ளைக்குச் சொல்லுங்கள். பெண்பிள்ளை போவதாயின், தனியே அன்றி மற்றொரு தோழியோடு போவதே என் கருத்து. மறுப்போர் இருக்கலாம்.

கூலி விஷயத்தில் அந்நாட்டுச் சட்டம் உழைப்பவன் பக்கம்தான் நிற்கிறது. அறியாதவனுக்குத்தான் அது உதவுவதில்லை. முன்பெல்லாம் பெட்டிக்கணக்குக் கூலி என்று சொல்லி, எத்தனை மணி நேரம் உழைத்தாலும் பறித்த பெட்டிக்கு மட்டுமே காசு கொடுப்பார்கள். 2022 ஏப்ரல் 28 முதல் பெட்டிக்கணக்கில் வேலை செய்வோருக்கும் மணிக்கு இவ்வளவு என்ற குறைந்தபட்சக் கூலி உறுதியாக்கப்பட்டுள்ளது. ஆகவே எத்தனை மணிக்கு ஏணியில் ஏறினோம், எத்தனை மணிக்கு இறங்கினோம் என்பதைத் தினமும் ஒரு சிறு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். நம் வீட்டுப் பால் கணக்குப் போலத்தான். தகராறு வந்தால் அந்த நோட்டு பேசும். முறையிட 'ஃபேர் ஒர்க் ஒம்பட்ஸ்மன்' என்னும் அரசு அலுவலகம் இருக்கிறது. வேலை தருவதற்காகப் பணம் கேட்கவோ, பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைக்கவோ எந்த முதலாளிக்கும் உரிமையில்லை.

வரி முதல் டாலரிலிருந்தே 15 விழுக்காடு. 45,000 டாலர் வரை அதே விகிதம். அதற்கென ஒரு வரி எண்ணை வந்த உடனே வாங்கிக்கொள்ள வேண்டும். முதலாளி கூலிக்கு மேலாக ஓய்வூதிய நிதியிலும் ஒரு தொகை கட்டுவார். நாடு திரும்பியபின் அதை விண்ணப்பித்துப் பெறலாம். ஆனால் அதில் 65 விழுக்காட்டை வரியாக எடுத்துக்கொள்வார்கள். கேட்கக் கசப்பாக இருந்தாலும், மிஞ்சுவதை விட்டுவிட வேண்டாம். குறிப்பிட்ட பிராந்தியங்களில் மூன்று மாதம் இத்தகைய வேலை செய்தவர் இரண்டாம் ஆண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். தோட்டத்தின் அஞ்சல் எண் அரசுப் பட்டியலில் உள்ளதா என்று வேலைக்குச் சேருமுன் பார்ப்பதே அறிவுடைமை. இந்தியாவோடு அந்நாட்டுக்கு மருத்துவ உடன்படிக்கை இல்லாமையால் காப்பீடு அவசியம். ஏணியிலிருந்து விழுந்த கால் எலும்புக்கு டாலரில் கட்டணம் கட்ட நம்மால் ஆகாது.

இனி வண்டி. பளபளப்பு வேண்டாம், இரும்புச் சட்டம், பின் சக்கரத்தில் 36 கம்பி, தடித்த டயர், உறுதியான கேரியர். இரும்பு உடைந்தால் எந்தப் பண்ணைக் கொல்லனும் பற்றவைத்துத் தருவான். விமானத்தில் ஏற்ற அட்டைப்பெட்டியில் அடக்க வேண்டும். ஹேண்டில்பாரைத் திருப்பி, பெடல்களைக் கழற்ற வேண்டும். இடது பெடலின் மரை எதிர்ப்புறமாகச் சுற்றும் என்பதை மறந்து பலர் மரையையே கெடுத்துவிடுகின்றனர். டயரிலும் செயினிலும் நம் ஊர் மண் ஒரு பொட்டும் இருக்கக்கூடாது. கழுவி, பல்விளக்கும் தூரிகையால் தேய்த்து, காயவைத்துக் கட்டுங்கள். பழைய பூட்ஸ், கூடாரம், அம்மா கட்டித் தந்த பொடி, ஊறுகாய் அனைத்தையும் விமானத்தில் தரும் அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும். மறைத்தால் அபராதம், விசாவே ரத்தாகவும் கூடும்.

சாலையில் நம்மைப் போலவே இடப்பக்கம்தான். தலைக்கவசம் கட்டாயம், 1990-இல் உலகிலேயே முதன்முதலாக அந்தச் சட்டம் இயற்றிய இடம் விக்டோரியா மாநிலம். வசந்தகாலத்தில், அதாவது ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, கூடு கட்டிய மேக்பை என்னும் கறுப்பு வெள்ளைப் பறவை சைக்கிள்காரரைப் பின்னாலிருந்து பாய்ந்து கொத்தும். பெரிய மனிதர்களும் தலைக்கவசத்தில் முள்ளம்பன்றி போலப் பிளாஸ்டிக் நாடாக்களைக் குத்திக்கொண்டு போவதைக் காணலாம். அந்தி மயங்கும் வேளையில் கங்காருக்கள் சாலையில் குதிக்கும். ஐம்பது மீட்டருக்கும் மேல் நீளமான சரக்கு லாரித் தொடர்கள் உட்பகுதிச் சாலைகளில் வரும்; சத்தம் கேட்டதும் தாரிலிருந்து இறங்கி நின்றுவிடுவதே மரியாதை. கடும் வெயில் நாட்களில் திறந்தவெளியில் தீ மூட்டத் தடை விதிப்பார்கள். அன்று அடுப்பும் பற்றவைக்கலாகாது. பஞ்சர் எதனால் ஆகும் தெரியுமா? நம் களத்து மேட்டில் காலில் தைக்கும் அதே நெருஞ்சி முள்ளால்! கடல் கடந்தும் அது அங்கே காத்திருக்கிறது. இரண்டு உபரி டியூபுகள் எப்போதும் வேண்டும்.

நல்லர்பாரைக் கடந்தே தீருவேன் என்பவன் இரண்டாம் ஆண்டில் போகட்டும். செதூனாவிலிருந்து நார்ஸ்மன் வரை 1,200 கிலோமீட்டர். வழியில் சாலையோரத் தங்கும் கடைகள் மட்டுமே. ஒன்றுக்கொன்று சில இடங்களில் 190 கிலோமீட்டர் தூரம். 146 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாமல் சாலை நேர்கோடாய்க் கிடக்கும். நாளுக்கு ஆறு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் சுமக்க வேண்டும். அந்தக் கடைகளிலேயே சமையலுக்கும் துப்புரவுக்கும் ஆள் எடுப்பார்கள், தங்க இடமும் கொடுத்து.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மெல்போர்ன் கடிகாரம் நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னால் ஓடும். அவர்களுடைய கோடையில் ஐந்தரை. வேலை முடிந்து, குளித்து, சமைத்து, இரவு எட்டு மணிக்கு மகன் பேச உட்காரும்போது இங்கே பிற்பகல். ஊர்களுக்கு இடையே மிதிக்கும் நாட்களில் கைப்பேசிக்குக் கோபுரம் கிடைக்காத தூரங்கள் ஏராளம். எந்த ஊரிலிருந்து கிளம்புகிறான், எந்த நாள் எந்த ஊரை அடைவான் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். அந்த நாளுக்கு முன்னால் செய்தி வரவில்லையென்று கலங்க வேண்டாம். அந்த நாளும் கழிந்து, மறுநாள் மாலையும் ஆகிவிட்டால், அவ்வூர்ப் போலீசுக்கு நீங்களே தொலைபேசியில் சொல்லலாம். சைக்கிளின் நிறத்தையும் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.